நகரக் கட்டடங்களை வைத்து ஒரு ஒளிப்படத் தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடங்களைப் படம் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு கட்டத்தில் ‘இதையே ஒரு தொடராகச் செய்தால் என்ன?’ என்ற எண்ணம் வரும். அந்த இடத்தில் நிற்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேமராவின் அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னிடம் நல்ல கட்டடப் படங்கள் முப்பது இருக்கின்றன. அதுவே ஒரு தொடர் ஆகாதா?

பெரும்பாலும் ஆகாது. தொடர் என்று சொல்ல வேண்டுமானால் எல்லாப் படங்களும் ஒரே கேள்வியைச் சுற்றி வர வேண்டும். ‘நகரத்தின் பழைய கட்டடங்கள்’ என்பது வெறும் தலைப்பு. ‘முகப்பில் அவ்வளவு அக்கறை காட்டியவர்கள் கட்டடத்தின் முதுகை எப்படி விட்டிருக்கிறார்கள்?’ என்பது கேள்வி. ‘அடுத்தடுத்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மிஞ்சும் சந்தில் என்ன நடக்கிறது?’ என்பதும் கேள்விதான். கேள்வி கிடைத்துவிட்டால் எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்துக்குக் காத்திருப்பது, எதை விட்டுவிடுவது என்பதற்கெல்லாம் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

ஜெர்மனியின் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959-இல் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்கள், சுரங்கக் கோபுரங்கள், ஊது உலைகள் என்று தொழிற்சாலைக் கட்டுமானங்களையே பல பத்தாண்டுகள் எடுத்தார்கள். ஒரே மாதிரிப் பார்வை, மேகம் மூடிய ஒரே மாதிரி வெளிச்சம். அந்தப் படங்களை வரிசை வரிசையாகக் கட்டம் போட்டு மாட்டினார்கள். ஒரே வேலைக்காகக் கட்டப்பட்டவை எத்தனை விதமாக உருவெடுக்கின்றன என்பதுதான் அவர்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. 1990-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. ஒளிப்படங்களுக்குச் சிற்ப விருது! ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நான் இருக்கும் இடத்தில் புகழ்பெற்ற கட்டடம் எதுவும் இல்லையே?

நல்லது. புகழ்பெற்ற கட்டடத்தின் முன்னால் நிற்கும்போது, ஏற்கெனவே பார்த்த ஆயிரம் படங்கள் உங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். நீங்கள் அறியாமலே அவற்றில் ஒன்றைத் திரும்ப எடுத்துவிட்டு வருவீர்கள். பெயரில்லாத வாகன நிறுத்தக் கட்டடமோ, அடுக்குமாடியின் பின்பக்கக் குழாய் வரிசையோ உங்களை அப்படித் தொந்தரவு செய்யாது. அமெரிக்கக் கலைஞர் எட் ரூஷே 1966-இல் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் தெருவின் இரண்டு பக்கக் கட்டடங்களையும் ஒன்றுவிடாமல் எடுத்து, மடித்து விரிக்கும் ஒரே நீளத் தாளாகப் புத்தகம் போட்டார். அதில் தனியாக எடுத்துப் பார்த்தால் வியக்கும்படியான கட்டடம் என்று எதுவும் இல்லை. மொத்தமாகப் பார்க்கும்போதுதான் அது ஒரு தெருவின் முகமாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அருகில் இருக்கும் இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போக முடியும். இந்த வேலையில் திரும்பிப் போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நம்புகிறேன். முதல் முறை போகும்போது கட்டடம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம். நான்காவது, ஐந்தாவது முறைதான் அது எப்படி இருக்கிறது என்பது பிடிபடும்.

எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும்?

முதல் தொடருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் 15 முதல் 20 படங்கள் நின்றால் போதும். வாரத்தில் ஒரு நாள் உறுதியாகக் கிடைத்தால், எப்போதாவது கிடைக்கும் பத்து நாள் விடுமுறையைவிட அது பயனுள்ளது. ஏனென்றால், எடுத்ததைப் பார்த்து யோசிக்க நடுவில் நாட்கள் வேண்டும்.

கேமராவை எடுத்துக்கொண்டு இறங்குவதற்கு முன் என்ன தயாரிப்பு செய்ய வேண்டும்?

முதல் இரண்டு, மூன்று நடைகளுக்குக் கேமரா வேண்டாம். கைபேசியும் ஒரு குறிப்பேடும் போதும். கைபேசியில் குறிப்புக்காக மட்டும் எடுங்கள். எந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது, எதிரே நிற்க இடம் இருக்கிறதா, மரமோ மின்கம்பமோ மறைக்கிறதா, எந்த நேரத்தில் வண்டிகள் குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தில் புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் காலை வெளிச்சம், மாலை வெளிச்சம், மேகமூட்டம் என்று ஒரு குறி போடுங்கள். ஒரு நாள் மேகம் மூடினால் அன்று எங்கே போவது என்று உடனே தெரிந்துவிடும்.

சூரியனின் போக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது வானத்தில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. சாய்வான ஒளி சுவரின் சொரசொரப்பை எழுப்பிக் காட்டுவது சில நேரம் இருபது நிமிடம்கூட நீடிக்காது. ஆண்டு முழுக்கப் பார்த்தால் உதிக்கும் இடமும் மாறுகிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியிலேயே ஏறக்குறைய 47 பாகை அகலத்துக்கு அது வடக்கும் தெற்குமாக நகரும். ஆகவே, சில சுவர்களுக்கு நேர் வெயில் ஆண்டில் சில மாதங்கள்தான் கிடைக்கும். சூரியன் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று காட்டும் கைபேசிச் செயலிகள் நிறைய உள்ளன. அதில் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்.

திட்டமிடல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அமெரிக்க ஒளிப்படக்காரர் பெரனீஸ் ஆபட்டின் இரவுப் படத்தைத்தான் காட்டுவேன். 1930களில் நியூயார்க்கின் உயரமான கட்டடம் ஒன்றின் ஜன்னலிலிருந்து, விளக்குகள் எரியும் நகரத்தை அவர் எடுத்தார். எக்ஸ்போஷர் மட்டும் 15 நிமிடம். ஐந்து மணிக்கு அலுவலகங்களில் விளக்கை அணைத்துவிடுவார்கள். அதற்கு முன்பே இருட்டியிருக்க வேண்டும். அப்படி நடப்பது ஆண்டின் மிகக் குறுகிய பகல்கள் வரும் டிசம்பரை ஒட்டிய நாட்களில் மட்டும்தான். நாள், மணி, ஜன்னல் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்ததால்தான் அந்தப் படம் இருக்கிறது.

பொன்னொளி நேரத்தில்தான் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மாலைப் பொன்னொளி எந்தக் கட்டடத்தையும் அழகாக்கிவிடும், அதுதான் பிரச்சினையும். எல்லாமே ஒரே மாதிரி இனிமையாகிவிட்டால் கட்டடங்களுக்கு நடுவே உள்ள வேறுபாடு மறைந்துபோகும். வடிவங்களை ஒப்பிடுவது உங்கள் நோக்கம் என்றால் மேகமூட்டமே சிறந்தது. கான்கிரீட்டின் கனத்தைக் காட்ட வேண்டும் என்றால் உச்சி வெயிலின் கறுத்த நிழலைக்கூட நான் தேடிப் போவேன். கண்ணாடிக் கட்டடங்களுக்கும் உள்ளே விளக்கு எரியும் இடங்களுக்கும் சூரியன் மறைந்த பிறகு வரும் நீல நேரம் பொருந்தும். வானத்தின் வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் ஒன்றையொன்று தொடும் நிமிடங்கள் அவை. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 4 முதல் 6 பாகை வரை இறங்கியிருக்கும்போது இது நடக்கும்.

எதைத் தேர்ந்தாலும் தொடர் முழுக்க அதிலேயே இருங்கள்.

என்ன கேமரா, என்ன லென்ஸ் வேண்டும்?

கையில் இருப்பதே போதும். ஒரு உறுதியான முக்காலியும் நீர்மட்டமும் கட்டாயம். பல கேமராக்களில் நீர்மட்டம் திரையிலேயே வரும். ரா கோப்பாக எடுங்கள், ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எஃப் 8 அல்லது எஃப் 11. எஃப் 16-ஐத் தாண்டிச் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) கூர்மை குறையத் தொடங்கும்.

லென்ஸைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையைச் சரிசெய்ய வேண்டும். வைட் லென்ஸ் கட்டடத்தை இழுத்து நீட்டுகிறது, டெலி லென்ஸ் தட்டையாக்குகிறது என்கிறார்கள். உண்மையில் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன என்பதை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் தூரம்தான். ஒரே இடத்தில் நின்று லென்ஸை மாற்றினால் பரப்புதான் கூடும், குறையும். ஆகவே முதலில் கால்களால் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு எந்த லென்ஸ் பொருந்துகிறதோ அதை அப்புறம் மாட்டுங்கள். முடிந்தால் தொடர் முழுவதையும் ஒரே குவியத் தூரத்தில் எடுங்கள், 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. நல்ல தொடக்கம்.

படத்தில் கட்டடம் பின்னால் சாய்வதுபோல் வருகிறதே?

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததன் விளைவு அது. சென்சார் சுவருக்கு இணையாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். சாய்த்த உடனே மேலே போய்க் குவியும்.

வழிகள் பல. பின்னால் நகர்ந்து, கேமராவை மட்டமாக வைத்து, கீழே மிஞ்சும் தரையைப் பிறகு வெட்டிவிடலாம். எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது, மூன்றாவது மாடியிலிருந்து எடுத்தால் சாய்க்க வேண்டிய தேவையே குறையும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். தெருவிலிருந்து யாரும் பார்க்காத ஒரு நிதானம் அந்த உயரத்தில் கிடைக்கிறது. ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். விலை அதிகம், முதல் தொடருக்கு அவசியமில்லை. மென்பொருளில் நிமிர்த்துவதும் சரிதான், ஆனால் அப்போது ஓரங்கள் வெட்டுப்படும். அதனால் எடுக்கும்போதே நான்கு பக்கமும் இடம் விட்டு எடுங்கள்.

சாய்வு வேண்டும் என்று நினைத்தால் தாராளமாகச் சாயுங்கள். பாதிச் சாய்வுதான் தவறுபோல் தெரியும்.

மூன்றிலொரு பங்கு விதியைக் கட்டடங்களுக்கும் பின்பற்ற வேண்டுமா?

படத்தை மூன்று சம பங்காகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் அந்த விதிக்குப் பெயர் கொடுத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர், 1797-இல். அவர் பேசியது கிராமப்புறக் காட்சிகளைப் பற்றி. நிலமும் வானமும் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில் அது உதவும். கட்டடமோ தன்னிடமே ஒரு ஒழுங்கை வைத்திருக்கிறது. ஜன்னல்களுக்கு ஒரு தாளம், தூண்களுக்கு ஒரு இடைவெளி, மாடிகளுக்கு ஒரு உயரம். அதை முதலில் கண்டுபிடியுங்கள். சமச்சீரான முகப்பை மூன்றிலொரு பங்கில் தள்ளி வைத்தால் கட்டடமும் கெடும், படமும் கெடும்.

நான் கட்டடத்தின் முன் நிற்கும்போது இப்படித்தான் யோசிப்பேன். திரும்பத் திரும்ப வருவது எது? அந்த வரிசை எங்கே உடைகிறது? நூறு ஜன்னல்கள் மூடியிருக்க ஒன்று மட்டும் திறந்திருக்கலாம், ஒரு பால்கனிக்கு மட்டும் வேறு வண்ணம் அடித்திருக்கலாம். அந்த உடைசல் தெரிய வேண்டுமென்றால் வரிசை போதுமான அளவு நீள வேண்டும். அதனால் அப்படிப்பட்ட இடங்களில் வானத்தையும் தரையையும் முழுக்க வெட்டிவிடுவேன். கண்ணுக்கு வெளியேற வழி இல்லாதபோது அது முகப்பிலேயே சுற்றி வரும்.

அடுத்து, வெற்றிடம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தெரியும் வானத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், அந்த வானத் துண்டு தனியாக வெட்டி எடுத்த காகிதம்போல் தெரியும். அதை நன்றாக அமைத்தால் கட்டடங்கள் தாமாகவே சரியான இடத்தில் உட்காரும். அடி அடியாக நகர்ந்து பாருங்கள். இரண்டு சுவர்களின் விளிம்புகள் தொட்டும் தொடாமலும் நின்றால் அந்த இடம் கண்ணை உறுத்தும். ஒன்று தெளிவாக விலகட்டும், அல்லது தெளிவாக மறைக்கட்டும்.

ஒளிப்படக்காரர் லூசியன் ஹெர்வேயைத் தேடிப் பாருங்கள். 1949-இல் அவர் மார்சேயில் லெ கார்புசியே கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பை ஒரே நாளில் 650 படங்கள் எடுத்து, அந்தக் கட்டடக்கலைஞருக்கே அனுப்பினார். அதன்பின் லெ கார்புசியே அவரைத் தன் ஒளிப்படக்காரராகவே வைத்துக்கொண்டார். கட்டடம் முழுசாகத் தெரிய வேண்டும் என்ற கவலையே ஹெர்வேக்கு இல்லை. ஒரு நிழல், ஒரு சுவரின் மூலை, மிச்சமெல்லாம் கத்தரி. எதை விடுவது என்பதை நான் கற்றுக்கொண்டது அவருடைய படங்களிலிருந்துதான்.

நேர் எதிரே நின்று எடுப்பதா, மூலையிலிருந்தா?

நேர் எதிரே நின்றால் கட்டடம் ஒரு பரப்பாகத் தெரியும், ஒப்பிடுவதற்கு வசதி. மூலையிலிருந்து எடுத்தால் கன அளவு தெரியும். ஓடி மறையும் கோடுகள் பார்வையை இழுத்துக்கொண்டு போகும். அப்படி இழுத்துப் போகும் இடத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நேர் எதிரே என்று முடிவு செய்தால் மிகத் துல்லியமாக நில்லுங்கள். அரை பாகை திரும்பியிருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பழைய கட்டடங்களின் பின்பக்கம் இருக்கும் இரும்புச் சுழல் படிக்கட்டுகளை ஆறு வாரம் எடுத்தேன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க நன்றாக இருந்தது. பன்னிரண்டைக் கட்டமாக அடுக்கியபோது எல்லாம் ஆளுக்கொரு பக்கம் நின்றன. கேமராவின் உயரம் ஒரு நாள் இடுப்பளவு, ஒரு நாள் தலையளவு. படிக்கட்டு ஃபிரேமில் எடுத்துக்கொண்ட இடமும் மாறியிருந்தது. அத்தனையையும் திரும்ப எடுக்கப் போனேன், அதற்குள் இரண்டு படிக்கட்டுகளை அகற்றிவிட்டார்கள். இப்போதெல்லாம் முதல் ஐந்து படங்களை எடுத்ததும் சிறிதாக அச்சிட்டு அருகருகே வைத்துப் பார்க்காமல் ஆறாவதை எடுப்பதில்லை.

மின்கம்பிகள், பேனர்கள், நிறுத்திய வண்டிகளை என்ன செய்வது?

முதலில், அவை தொந்தரவுதானா என்று யோசியுங்கள். நகரம் கட்டடத்தோடு வாழ்வதன் அடையாளங்கள் அவை. கம்பி முகப்பைக் குறுக்கே அறுத்தால் இரண்டு அடி நகர்ந்து, அதையே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும் கோடாக மாற்ற முடியுமா என்று பார்ப்பேன். வண்டிகளுக்கு விடிகாலை போங்கள். மென்பொருளில் அழிப்பதைப் பொறுத்தவரை என் நிலை கறாரானது. இடத்தைப் பதிவு செய்வதாகச் சொல்லும் தொடரில் எதையும் அழிக்க மாட்டேன். கற்பனை நகரம் ஒன்றை உருவாக்குவதாகச் சொன்னால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பார்ப்பவருக்கு எது என்று சொல்லிவிட வேண்டும்.

படத்தில் மனிதர்கள் இருக்கலாமா?

இருக்கலாம். ஒரே ஒருவர் நின்றாலும் கட்டடத்தின் அளவு உடனே புரிந்துவிடும். ஆனால் பார்வை முதலில் மனிதரிடம்தான் போகும். கட்டடத்துக்கு இரண்டாம் இடம் கிடைத்தால் உங்களுக்குச் சம்மதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளில்லாத தெரு வேண்டும் என்றால் நீண்ட எக்ஸ்போஷர் வழி. 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். 1/30 நொடி தேவைப்பட்ட இடத்தில் அரை நிமிடத்துக்கும் மேல் திறந்து வைக்கலாம், நடப்பவர்கள் கரைந்துவிடுவார்கள். 1838-இல் ஒளிப்படக் கலையின் முன்னோடி தாகேர் பாரிஸில் எடுத்த தெருப் படத்திலும் இதுதான் நடந்தது. நெரிசலான தெருவில் வண்டிகளும் மக்களும் பதியவே இல்லை. காலணிக்குப் பாலிஷ் போடச் சொல்லி அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். அந்தச் சின்ன உருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

வண்ணமா, கறுப்பு வெள்ளையா?

வடிவமும் நிழலும்தான் பேச வேண்டும் என்றால் கறுப்பு வெள்ளை. வண்ணத்தில் தகவல் இருந்தால் வண்ணம். பெயின்ட் உரிந்த அடுக்குகளில் கட்டடத்தின் வயதே தெரியும், அதைக் கறுப்பு வெள்ளையாக்கினால் அந்தத் தகவல் போய்விடும். எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். வண்ணத்தில் சரியாக வராததைக் காப்பாற்றுவதற்காகக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் அது தெரிந்துவிடும்.

பாதுகாவலர் தடுத்தால்? சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறுபடும், உங்கள் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுத் தெருவிலிருந்து தெரியும் கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடப் பல நாடுகளில் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. சில இடங்களில் நுணுக்கங்கள் உண்டு. ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்த படத்தை விற்கலாம், இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனி உரிமை இருப்பதால் அந்தப் படத்தை வணிக நோக்கில் பயன்படுத்த அனுமதி வேண்டும். தனியார் வளாகத்துக்குள் போனால் உரிமையாளர் சொல்வதுதான் விதி. ராணுவம், விமான நிலையம், மின் நிலையம் போன்ற இடங்களுக்கு எழுத்தில் அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

முக்காலியை விரித்ததும் யாராவது வருவார்கள், அது இயல்பு. ஒரு பக்கத் திட்டக் குறிப்பும் ஏற்கெனவே அச்சிட்ட மூன்று, நான்கு சிறிய படங்களும் என் பையில் எப்போதும் இருக்கும். படங்களைக் கையில் கொடுத்தால் பேச்சின் தொனியே மாறிவிடும். பின்வாசல் எங்கே, மாடிக்கு வழி எது என்று காட்டிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் தடுக்க வந்த பாதுகாவலர்கள்தான்.

திட்டக் குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

எதை, எங்கே, எப்படி எடுக்கிறீர்கள், ஏன் அது உங்களை விடாமல் இழுக்கிறது. இருநூறு சொற்கள் போதும். ‘நவீன வாழ்வின் தனிமையை ஆராய்கிறது’ போன்ற வரிகளைத் தவிருங்கள், அது எந்தத் தொடருக்கும் பொருந்தும். ‘மதியம் இரண்டு மணிக்கு, கட்டடங்களின் மேற்குச் சுவரை, தெருவின் மறுபக்கத்திலிருந்து எடுக்கிறேன்’ என்பது உங்களுக்கு மட்டுமே உரியது.

ஆயிரம் படங்களிலிருந்து இருபதை எப்படிப் பிரிப்பது?

திரையில் செய்யாதீர்கள். உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டு ஒரு மேசையிலோ தரையிலோ பரப்புங்கள். இரண்டு வாரம் அப்படியே இருக்கட்டும். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தால் சில படங்கள் சலித்துப் போகும், அவற்றை எடுத்துவிடுங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு படங்கள் இருந்தால் ஒன்று போக வேண்டும். எடுக்கப் பட்ட கஷ்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழையில் மூன்று மணி நேரம் நின்றது படத்தில் தெரியாது.

வரிசைப்படுத்தும்போது ஒரு படத்தின் கோடு அடுத்த படத்தில் எங்கே தொடர்கிறது என்று பாருங்கள். நெருக்கமான இரண்டு, மூன்று படங்களுக்குப் பிறகு வெற்றிடம் அதிகமுள்ள ஒன்று வந்தால் மூச்சு விடலாம்.

எந்த அளவில் அச்சிடுவது?

24 மெகாபிக்சல் கோப்பு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏறத்தாழ 20 அங்குல அகலத்துக்குத் தாராளமாக வரும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தொடருக்குச் சிறிய அளவே நல்லது. ஜன்னல் ஜன்னலாகத் தேட வைக்கும் படத்துக்குப் பெரிய அளவு வேண்டும்.

பாதியில் கட்டடத்தை இடித்துவிட்டால்?

நடக்கும். பிரெஞ்சு ஒளிப்படக்காரர் அஜே பாரிஸின் பழைய தெருக்களை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எடுத்தார். அவர் எடுத்தவற்றில் பல இடங்கள் பின்னால் இல்லாமல் போயின. ஆகவே பட்டியலில் எது முதலில் போகும் என்று தெரிகிறதோ அதை முதலில் எடுங்கள். வேலி போட்டிருக்கிறார்களா, ஜன்னல்களைக் கழற்றியிருக்கிறார்களா, அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே தெரியும். இடித்த பிறகும் அதே இடத்தில், அதே உயரத்தில் முக்காலியை வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். என் படிக்கட்டுத் தொடரில் அந்த இரண்டு இடங்களுக்கும் வெறும் சுவர்தான் இருக்கிறது. படி இருந்த இடத்தில் சுண்ணாம்பு நிறம் மாறி, சுழல் வடிவத் தடம் மேலே ஏறிப் போகிறது.